கிருமி இருக்கிறது... நோய் இருக்கிறதா?

ஆம்ஸ்டர்டாம் நகரின் ஒரு மருத்துவமனை வார்டு. வெள்ளை உடை நர்ஸ்களுக்கு நடுவே ஒரு நாய் நடந்து வருகிறது. இரண்டு வயது பீகிள், பெயர் கிளிஃப். பயிற்சியாளர் வாரைப் பிடித்தபடி கூடவே வருகிறார். கிளிஃப் யார் மேலும் மூக்கை வைப்பதில்லை, போர்வையை இழுப்பதில்லை. கட்டிலை ஒட்டிக் காற்றை உறிஞ்சுகிறது, அடுத்த கட்டிலுக்குப் போகிறது. ஏதோ ஒரு கட்டிலருகே சட்டென்று உட்கார்ந்துவிட்டால் அந்த நோயாளியின் குடலில் 'கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்', சுருக்கமாக 'சி. டிஃப்', என்ற பாக்டீரியா இருக்கிறது என்று பொருள்.

2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு இது. 'இந்த நோயாளிகளின் மலத்தில் குதிரை லாயத்து வாசனை வரும்' என்று நர்ஸ்கள் வழக்கமாகச் சொல்லிவந்த ஒன்றை டாக்டர்கள் காதில் வாங்கிக்கொண்டதில்தான் எல்லாம் தொடங்கியது. ஆய்வகத்தில் 100 மல மாதிரிகளை வைத்துப் பார்த்தபோது கிளிஃப் ஒன்றில்கூடத் தவறவில்லை. வார்டில் 300 நோயாளிகள். நோய் இருந்த 30 பேரில் 25 பேரைக் கண்டுபிடித்தது. நோய் இல்லாத 270 பேரில் 265 பேரைச் சரியாகக் கடந்துபோனது. ஒரு முழு வார்டைப் பார்த்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

படிக்கவே உற்சாகமாக இருக்கிறது. ஆனால் கிளிஃபால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய இயந்திரங்களும் அதே கேள்வியில்தான் தடுமாறுகின்றன. குடலில் ஒரு கெட்ட பாக்டீரியா இருக்கிறது, சரி. அதனால்தான் இவருக்கு நோயா?

இந்தக் கேள்வி இன்று ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இல்லை. 'உங்கள் குடலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்கிறோம்' என்று கைபேசியில் விளம்பரம் வருகிறது. வீட்டுக்கே டப்பா அனுப்புகிறார்கள். சிறிதளவு மலத்தை எடுத்து அனுப்பினால் பல பக்க அறிக்கை வருகிறது. அதில் சிவப்பு நிறத்தில் ஒரு பாக்டீரியாவின் பெயர் இருந்தால் அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது. அந்தச் சிவப்புக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்வது இப்போது எல்லோருக்கும் அவசியமாகியிருக்கிறது.

முதலில் கூட்டத்தின் அளவு. ஒரு கிராம் மலத்தில் சுமார் 10,000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். உடல் முழுவதும் சேர்த்தால் 38 லட்சம் கோடி என்று 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் சொந்த செல்களோ 30 லட்சம் கோடிதான். இத்தனை பெரிய திருவிழாக் கூட்டத்தில் ஒரு பிக்பாக்கெட்டைத் தேடும் வேலைதான் மலப் பரிசோதனை. அதில் ஒரு சிக்கல், பிக்பாக்கெட் என்று நாம் நினைப்பவர் பல நாட்கள் சும்மாவே நின்று தேர் பார்த்துவிட்டுப் போகிறார்.

குழந்தையிடம் சாது, பாட்டியிடம் எமன்

கிளிஃப் தேடிய அதே பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். 1935-இல் ஐவன் ஹால், எலிசபெத் ஓ'டூல் என்ற இருவர் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். எங்கிருந்து தெரியுமா? ஆரோக்கியமாக இருந்த பச்சிளம் குழந்தைகளின் மலத்திலிருந்து. வளர்ப்பதற்கு அவ்வளவு சிரமம் கொடுத்ததால்தான் 'டிஃபிசில்' என்ற பெயரே வந்தது. அதன் நச்சு ஆய்வக விலங்குகளைக் கொன்றது. குழந்தைகளோ பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன.

நாற்பதாண்டுகளுக்கு மேல் யாரும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1978-இல்தான், ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான பேதியும் பெருங்குடல் அழற்சியும் வருவதற்கு இதுவே காரணம் என்று தெரிந்தது. குடலில் உள்ள மற்ற பாக்டீரியாக்கள் பித்த உப்புகளை மாற்றி, சி. டிஃப் வளர முடியாத சூழலை வைத்திருக்கின்றன. காய்ச்சலுக்கோ புண்ணுக்கோ கொடுத்த மருந்து அந்தக் காவல்காரர்களையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. காலியான இடத்தில் சி. டிஃப் பெருகி நச்சைக் கக்குகிறது. வயதானவர்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4,53,000 பேருக்கு இந்த நோய் வந்ததாகவும், சுமார் 29,000 பேர் இறந்ததாகவும் கணக்கிட்டார்கள்.

ஒரே கிருமி. தொட்டிலில் ஒன்றும் செய்யவில்லை; எழுபது வயதுப் பாட்டியைக் கொன்றுவிடுகிறது. அப்படியானால் பரிசோதனை எதைத் தேட வேண்டும்?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பிசிஆர். நச்சைச் செய்யும் மரபணு அந்த மலத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, நச்சே இருக்கிறதா என்று பார்ப்பது. அரிவாள்மனை எல்லா வீட்டிலும் இருக்கும். அதைப் பார்த்ததுமே யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை. பிசிஆர் பார்ப்பது அரிவாள்மனையை. நச்சுப் பரிசோதனை பார்ப்பது வெட்டுக்காயத்தை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோவில் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் காட்டியது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 1,416 பேரைச் சோதித்தார்கள். பிசிஆரில் பாசிட்டிவ் 293 பேர். அவர்களில் நச்சு இருந்தது 131 பேருக்குத்தான். மீதி 162 பேரிடம் மரபணு மட்டும் இருந்தது, நச்சு இல்லை. அந்த 162 பேரின் நோய்ப்போக்கு, கிருமியே இல்லாதவர்களுடையதைப் போலவே இருந்தது. பெரும்பாலோர் தனி மருந்து இல்லாமலே தேறிவிட்டார்கள்.

பிசிஆர் தாளை மட்டும் பார்த்து மருந்து எழுதியிருந்தால் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேவையில்லாமல் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை விழுங்கியிருப்பார்கள். அந்த மருந்தும் குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழிக்கக்கூடியதுதான். இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்தே அந்த நோய் வரக் கதவைத் திறந்துவிடும். இதனால்தான் இப்போது வழிகாட்டு நெறிகள் கண்டிப்பாக இருக்கின்றன. ஒரு நாளில் மூன்று முறைக்குக் குறையாமல் புதிதாகத் தண்ணியாகப் போனவருக்குத்தான் சோதனை. கெட்டியான மலம் வந்தால் ஆய்வகம் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம். குணமான பிறகு 'போய்விட்டதா என்று பார்த்துவிடலாமே' என்று மறுபடியும் சோதிக்கக் கூடாது. பேதி நின்ற பிறகும் பல வாரங்களுக்குக் கிருமி மலத்தில் வந்துகொண்டிருக்கும்.

சோதனை செய்யாமல் இருப்பதும் நல்ல மருத்துவம்தான் என்று நோயாளிக்குப் புரியவைப்பது லேசான வேலை இல்லை. அதற்கும் நேரம் ஒதுக்கும் டாக்டர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரே கொடை, இரண்டு உயிர்கள்

அதே ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு குழு வேறொரு வழியை முயன்றது. சி. டிஃப் திரும்பத் திரும்ப வந்து அவதிப்பட்டவர்களின் குடலுக்குள், ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்துச் செலுத்தினார்கள். கேட்கும்போது முகம் சுளிக்கலாம். 2013-இல் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்தச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானது 4 பேர்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ரத்த வங்கி போல மல வங்கிகள் வந்தன. யாரிடம் வாங்குவது என்ற கேள்வி கூடவே வந்தது. கொடையாளியின் ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள்காமாலை வைரஸ்கள், மலத்தில் சால்மோனெல்லா, ஷிகெல்லா, சி. டிஃப், ஒட்டுண்ணிகள் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். கொடுக்க முன்வந்தவர்களில் மிகச் சிலர்தான் தேறினார்கள்.

அவ்வளவு பார்த்தும் ஒன்று நழுவியது. 2019 ஜூன் மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. போஸ்டனில் ஆய்வுக்காக மல மாத்திரை பெற்ற இரண்டு பேரின் ரத்தத்தில் ஈ. கோலி பரவியிருந்தது. இ.எஸ்.பி.எல். என்று சொல்லப்படும் வகை அது; பெனிசிலின், செஃபலோஸ்போரின் குடும்ப மருந்துகளை உடைத்தெறியும் நொதி கொண்டது. ஒருவர் கல்லீரல் சுருக்க நோயாளி, பிழைத்துக்கொண்டார். இன்னொருவர் ரத்த நோய்க்காக ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்றவர், வயது 73, இறந்துவிட்டார். இருவருக்கும் மாத்திரை ஒரே கொடையாளியிடமிருந்து வந்தது.

விசாரித்தபோது தெரிந்த விஷயம் நெஞ்சை அறுப்பது. அந்த மாத்திரைகள் 2018 நவம்பரில் தயாரானவை. இ.எஸ்.பி.எல். கிருமிக்கும் கொடையாளிகளைச் சோதிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2019 ஜனவரியில் வந்துவிட்டது. புதிய கொடைகளைச் சோதித்தார்கள். ஃப்ரீசரில் ஏற்கெனவே இருந்த மாத்திரைகளை எடுத்துச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கொடையாளிக்கு எந்த நோயும் இல்லை. அவர் குடலில் அந்த ஈ. கோலி கூட்டத்தோடு கூட்டமாக வாழ்ந்துகொண்டிருந்தது. எதிர்ப்புச் சக்தி வற்றிப்போன இன்னொருவர் உடலுக்குள் போனபோதுதான் அது கொலைகாரனாயிற்று. மலப் பரிசோதனைக்கு மறுபேச்சில்லாத இடம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான்: ஒருவருடைய பாக்டீரியா இன்னொருவருக்குப் போகும் இடம். எஃப்.டி.ஏ. அன்றே கொடையாளிகளுக்கான விதியை இறுக்கியது. முறையாகச் சோதித்துத் தயாரித்த முதல் மருந்துக்கு 2022 நவம்பரிலும், வாய்வழியாக விழுங்கும் மாத்திரைக்கு 2023 ஏப்ரலிலும் அனுமதி கிடைத்தது.

163 மாதிரிகள்

ஒருவருடைய குடலிலிருந்து இன்னொருவருக்குக் கிருமி போவதற்கு மாத்திரை தேவையில்லை, ஒரு சமையலறை போதும். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் என்ற ஐரிஷ் பெண்ணின் கதை நூறாண்டு தாண்டியும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறது. 1906 கோடையில் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் அவர் சமைத்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு. சுகாதாரப் பொறியாளர் ஜார்ஜ் சோப்பர் துப்புத் துலக்கிக்கொண்டே பின்னோக்கிப் போனார். மேரி வேலை பார்த்த எட்டு வீடுகளில் ஏழில் டைஃபாய்டு வந்திருந்தது. சோப்பர் நேரில் போய் மலமும் சிறுநீரும் கேட்டபோது மேரி இறைச்சி வெட்டும்போது பிடிக்கும் பெரிய முள்கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினார். தனக்கு ஒரு நாளும் டைஃபாய்டு வந்ததில்லை என்பது அவர் கட்சி. உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஒருத்தியிடம் வந்து இப்படிக் கேட்டால் வேறு யாருக்குத்தான் கோபம் வராது?

1907-இல் போலீசோடு போய் அவரைத் தூக்கிவந்து, நார்த் பிரதர் என்ற தீவில் அடைத்தார்கள். நகராட்சி ஆய்வகம் அவருடைய மலத்தைத் தொடர்ந்து சோதித்தது. 163 மாதிரிகளில் 120-இல் கிருமி இருந்தது. மேரி விடவில்லை, தன் மாதிரிகளை ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்தது 'நெகட்டிவ்'.

இரண்டு ஆய்வகத்துக்கும் நேர்மையில் குறை சொல்ல வேண்டியதில்லை. டைஃபாய்டு சுமப்பவர்களிடம் கிருமி பெரும்பாலும் பித்தப்பையில், அதிலும் பித்தக் கற்களின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு வாழும். அங்கிருந்து விட்டுவிட்டுத்தான் குடலுக்கு இறங்கும். இன்று இருக்கும், நாளை இருக்காது. ஒரே ஒரு நெகட்டிவை வைத்துக்கொண்டு ஒருவரை விடுவிக்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து 1910-இல் வெளியே வந்த மேரி, வேறு பெயரில் மறுபடியும் அடுப்படிக்கே போனார். தெரிந்த தொழில் அது ஒன்றுதான். 1915-இல் அவர் சமைத்த பிரசவ மருத்துவமனையில் 25 பேருக்கு நோய் வந்தது, 2 பேர் இறந்தார்கள். மறுபடியும் தீவு. 1938-இல் அங்கேயே இறந்துபோனார். அதற்குள் நியூயார்க்கில் 400-க்கும் மேற்பட்ட டைஃபாய்டு சுமப்பவர்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களில் எவரும் மேரியைப் போல வாழ்நாள் முழுக்க அடைபடவில்லை. சோதனை முடிவை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை என்ன செய்வது என்று யோசிக்காமல் செய்த சோதனைக்கு அவர் கொடுத்த விலை அது.

இன்று நம் ஊரில் ஓட்டல் சமையல்காரருக்கும் பரிமாறுபவருக்கும் ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனையும், டைஃபாய்டு போன்ற குடல் நோய்களுக்கான தடுப்பூசியும் வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்வதன் பின்னணியில் இந்த நீண்ட கதை இருக்கிறது.

ஆய்வகத்தில் அந்தக் கிருமியைப் பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அழகான வேலை என்று தோன்றும். மாதிரியில் நுனி தொட்ட சிறு வளையக் கம்பியால், உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டில் உறைந்திருக்கும் கூழின் மேல் கோடு கோடாக இழுப்பார்கள். முதல் கோட்டில் கூட்டம் நெரியும். கடைசிக் கோட்டில் பாக்டீரியாக்கள் தனித்தனியாக விழும். இரவு முழுக்க 37 டிகிரிச் சூட்டில் வைத்தால் காலையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக வளர்ந்திருக்கும். மெக்கான்கி என்ற கூழில் வழக்கமான ஈ. கோலி ரோஜா நிறத்தில் வரும். டைஃபாய்டு தரும் சால்மோனெல்லாவும், ஷிகெல்லாவும் நிறமில்லாமல் வெளிறி நிற்கும். எக்ஸ்.எல்.டி. என்ற சிவப்புக் கூழில் சால்மோனெல்லாவின் நடுவே கருப்புப் பொட்டு வைத்தாற்போல் இருக்கும். அனுபவப்பட்ட டெக்னீஷியன் தட்டை வெளிச்சத்துக்கு நேரே ஒரு முறை சாய்த்துப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார்.

சென்னையிலிருந்து கிளம்பிய செய்தி

2008-இல் டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியின் சிறுநீரில், பெரும்பாலான மருந்துகளுக்கு மசியாத கிளெப்சியெல்லா பாக்டீரியா கிடைத்தது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பாபெனெம் மருந்துகளையும் உடைக்கும் ஒரு புதிய மரபணு அதில் இருந்தது. அதே நோயாளியின் மலத்தில் இருந்த ஈ. கோலியிலும் அதே மரபணு. கிருமிகள் குடலுக்குள் பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுப்பதுபோல மரபணுவைக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. என்.டி.எம்-1 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்; என்.டி. என்பது நியூ டெல்லி.

2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை லான்செட் குழும இதழில் வந்தது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அந்த மரபணு கொண்ட கிருமிகளை வரிசைப்படுத்தியது. தலைநகரின் பெயரை வைத்ததற்கு டெல்லியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெயர்ச் சண்டையில் செலவழிந்த நேரத்தைக் கிருமியின் மேல் செலவிட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் அந்தத் துறையில் உழைத்தவர்களுக்கு உண்டு. இரண்டே ஆண்டுகளில், 2012-இல், தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூரின் முயற்சியில் மருத்துவ அமைப்புகள் கூடி ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தக் கோரும் 'சென்னைப் பிரகடன'த்தை வெளியிட்டன.

இது ஆஸ்பத்திரிக் கிருமி மட்டும் அல்ல. நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய்வந்த சுமார் 2,000 பேரின் மலத்தைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். தெற்காசியாவுக்குப் போனவர்களில் நூற்றுக்கு 75 பேர் இ.எஸ்.பி.எல். பாக்டீரியாவைக் குடலில் சுமந்துகொண்டு திரும்பியிருந்தார்கள். சில வாரங்கள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கே இந்த நிலை. இங்கேயே தண்ணீர் குடித்து, இங்கேயே சாப்பிட்டு வாழும் நம் குடல்களின் கணக்கை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அப்படியானால் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். குடலில் அமைதியாக இருக்கும் அந்தக் கிருமியை விரட்டுவதற்கென்று எல்லோருக்கும் பரிந்துரைக்கக்கூடிய மருந்து கிடையாது; மருந்து கொடுத்தால் அது இன்னும் முரடாகும் ஆபத்தும் உண்டு. ஆனால் ஒரு வாசல் திறக்கப்போகிறது என்றால் கதை வேறு. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ஆசனவாய் வழியாக ஊசி செலுத்தித் திசு எடுப்பார்கள். அந்த ஊசி குடல் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் போகும், பாக்டீரியாவையும் சேர்த்து உள்ளே தள்ளும். வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் அந்தக் கிருமிக்கு வேலை செய்யாது என்று முன்பே ஒரு பஞ்சுக்குச்சிச் சோதனையில் தெரிந்தால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன்னும் இதே காரணத்துக்காகப் பல மையங்கள் இந்தச் சோதனையைச் செய்கின்றன. ரூபாய்க்கு முழு மதிப்பும் கிடைக்கும் சோதனை அது.

சிவப்பு எழுத்தில் வரும் பெயர்

வீட்டுக்கு வரும் டப்பாவுக்குத் திரும்புவோம். பல நிறுவனங்கள் பயன்படுத்தும் முறை, '16எஸ்' என்ற ஒரே மரபணுவின் சில துண்டுகளைப் படிப்பது. பாக்டீரியா எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அது சொல்லும், ஆளைக் காட்டாது. சாதுவான ஈ. கோலியையும் சீதபேதி தரும் ஷிகெல்லாவையும் பிரித்துச் சொல்ல அதனால் முடியாது, அந்த மரபணு இரண்டிலும் அவ்வளவு ஒன்றுபோல இருக்கிறது. ஒரே ஈ. கோலி இனத்துக்குள்ளேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் ஓ157 வகையும் உண்டு, மருந்தாகக் கொடுக்கும் வகையும் உண்டு.

அந்த மருந்து வகையின் கதை தனிச்சுவை. முதல் உலகப் போரின்போது ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃப்ரெட் நிஸ்லே, கூட இருந்தவர்கள் எல்லாம் வயிற்றுப்போக்கில் விழுந்தும் தான் விழாத ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து 1917-இல் ஓர் ஈ. கோலியைப் பிரித்தெடுத்தார். நூறாண்டுக்கு மேலாக அது புரோபயாடிக்காக விற்பனையில் இருக்கிறது. 2006-இல் 'கோலிபாக்டின்' என்ற, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் நச்சைத் தயாரிக்கும் மரபணுத் தொகுதியை ஈ. கோலியில் கண்டுபிடித்தார்கள். அந்தத் தொகுதி நிஸ்லேயின் ஈ. கோலியிலும் இருக்கிறது.

அந்த நச்சைப் பற்றித்தான் 2025-இல் பெரும் பரபரப்பு. 11 நாடுகளிலிருந்து திரட்டிய 981 பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுவை சான் டியாகோவின் லூட்மில் அலெக்சாண்ட்ரோவ் குழு படித்தது. கோலிபாக்டின் விட்டுச்சென்ற தழும்புகள், 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களைவிட 40 வயதுக்குள் வந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகம் காணப்பட்டன. வாழ்வின் முதல் பத்தாண்டுகளிலேயே அந்தத் தழும்பு விழுந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. இளம் வயதில் இந்தப் புற்றுநோய் ஏன் கூடுகிறது என்று தவிக்கும் உலகத்துக்கு இது முக்கியமான துப்பு. ஆனால் நாற்பது வயதுக்காரர் இன்று மலத்தைச் சோதித்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? எட்டு வயதில் வந்துபோன பாக்டீரியா இப்போது அங்கே இல்லாமல் இருக்கலாம். இப்போது இருப்பதோ ஆரோக்கியமான பலரிடமும் இருப்பது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் என்று ஏதாவது இருந்தால் அவர் போக வேண்டிய இடம் கொலனோஸ்கோப்பி அறை.

வயிற்றில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரியும் இதே பாடத்தைத்தான் படிக்கவைக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்காக ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பெற்றார்கள். 1984-இல் யாரும் நம்பாதபோது மார்ஷல் அந்தக் கிருமியைக் குடித்துத் தன் இரைப்பையையே சாட்சியாக்கினார். அல்சருக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் அது காரணம் என்பதில் இன்று சந்தேகமில்லை. இந்தியர்களில் மிகப் பலரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. ஆனாலும் அந்த அளவுக்கு இங்கே இரைப்பைப் புற்றுநோய் வருவதில்லை; ஆய்வாளர்கள் இதை 'இந்தியப் புதிர்' என்றே அழைக்கிறார்கள். அல்சர் இருப்பவருக்குப் பைலோரி சோதனை அவசியம். கண்டுபிடித்தால் ஒழிக்கவும் வேண்டும். அந்தச் சோதனைக்கும் முன்தயாரிப்பு உண்டு. ஒமிப்ரசோல் போன்ற அமில மாத்திரைகளை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரும்.

வீட்டுக்கு வரும் டப்பா நிறுவனங்களை அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் தொடர்புடைய ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரே மலத்தை நன்றாகக் கலக்கி, ஏழு நிறுவனங்களுக்கு மூன்று மூன்று டப்பாக்களாக அனுப்பினார்கள். ஒரே மலம், பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தங்கத்துக்கு உரைகல் இருப்பதுபோல மலத்துக்கும் ஒன்று வேண்டும் என்று நிஸ்ட் 2025-இல் ஒரு மாதிரியை வெளியிட்டது. சைவம் சாப்பிடுபவர்களிடமிருந்து ஒன்று, அசைவக்காரர்களிடமிருந்து ஒன்று என்று சீராக்கி, சிறு குழாய்களில் அடைத்த மலம். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலும் சேர்ந்தே வருகிறது. ஆய்வகங்கள் தங்கள் இயந்திரத்தை முதலில் இதில் உரசிப் பார்த்துக்கொள்ளலாம். உரைகல்லே இப்போதுதான் வந்திருக்கிறது என்றால், இத்தனை நாளும் விற்ற அறிக்கைகளை எந்தக் கல்லில் உரசியிருப்பார்கள்?

சிவப்பு எழுத்து அறிக்கையோடு டாக்டரைப் பார்க்க வருபவர்களைக் கேலி செய்யக் கூடாது. பல ஆண்டுகளாக வயிறு உப்பி, வலித்து, 'ஒன்றும் இல்லை, கேஸ்தான்' என்று பத்து இடத்தில் கேட்டு அலுத்தவர்கள்தான் அந்த டப்பாவை வாங்குகிறார்கள். அவர்களுக்குத் தேவை காது கொடுத்துக் கேட்கும் ஒருவர். கேட்டால், அந்த வலிக்கு எந்தச் சோதனை பொருத்தம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆய்வகமும் கேட்டதைத்தான் தேடும். 'மோஷன் கல்ச்சர்' என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் சால்மோனெல்லா, ஷிகெல்லா, காலரா என்று வழக்கமான சிலவற்றைப் பார்த்துவிட்டு 'நோய்க்கிருமி வளரவில்லை' என்று தாள் வரும். சி. டிஃப் காற்றுப் பட்டால் வளராது. அதைத் தனியாகக் கேட்டால்தான் தேடுவார்கள். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன் மாதிரி எடுத்திருக்க வேண்டும், சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ கலக்கக் கூடாது, எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச்சேர வேண்டும். பரிசோதனைத் தாளின் ஓரத்தில் நோய் விவரம் எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பெரும்பாலும் அது காலியாகவே போகிறது. 'மூன்று வாரத்துக்கு முன் பல் வலிக்கு ஐந்து நாள் கிளிண்டாமைசின் சாப்பிட்டார், நான்கு நாளாகத் தண்ணியாகப் போகிறது' என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தால், மைக்ராஸ்கோப்புக்கு முன் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் டாக்டருக்கு ஒரு போன் போடுவார்: "சார், சி. டிஃப் டாக்சினும் சேர்த்துப் போட்டுடட்டுமா?"